கொக்கு நின்ற இடம்

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

பால் வாங்கப் போனேன். எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் ஏரிக்கரை. அங்கே இருக்கிற சீமைக்கருவேல மரத்தடியில்தான் முத்தம்மாள் தன் நாலு எருமைகளையும் கட்டிக் கறப்பாள். திருமுல்லைவாயிலில் இன்னமும் கண்ணெதிரே கறந்த பால் கிடைக்கிறது என்று கம்பெனியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஏரி என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். சாக்கடைத் தண்ணீர், ஆகாயத்தாமரை, மிதக்கும் தெர்மாக்கோல். மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அவள் கறக்கிற பத்து நிமிடமும் எனக்கு வேலை இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சாமியைத் திட்டுவேன். வாய்விட்டு இல்லை, மனதுக்குள். ஒரு வருடமாக இதுதான் என் காலை பூஜை. 'இருபத்து மூணு வயசுப் பிள்ளைய அஞ்சு நாள் காய்ச்சல்ல எடுத்துக்கிட்டியே, உனக்கு அப்படி என்ன குறைஞ்சு போச்சு' என்று ஆரம்பித்து, தூக்கில் பால் நிறையும்போது முடிப்பேன்.

இன்று பாதியிலேயே நின்றுவிட்டது. ஆகாயத்தாமரை மேல் மடையான் என்கிற குருட்டுக் கொக்கு ஒன்று நின்றுகொண்டிருந்தது. சேற்று நிறம். உற்றுப் பார்த்தால்தான் கொக்கு என்றே தெரியும். திடீரென்று பறந்தது. விரித்தால் இறக்கை முழுக்க வெள்ளை. இவ்வளவு நேரம் அந்த வெள்ளையை எங்கே மடித்து வைத்திருந்தது?

நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த நேரம் அங்கே ஒருவர் இருந்தார். முத்தம்மாளைச் சொல்லவில்லை. நான் திட்டியதை எல்லாம் கேட்டுக்கொண்டு, கோபப்படாமல், பதிலும் சொல்லாமல், பக்கத்திலேயே. தூக்கை நீட்ட மறந்துவிட்டேன்.

"இன்னா மேடம், தூக்க நீட்டு. கொக்கு எங்கியும் பூடாது" என்றாள் முத்தம்மாள்.

13 ஆகஸ்ட், செவ்வாய்

இன்றும் வந்தது. கொக்கு வரவில்லை. அது வந்தது.

25 ஆகஸ்ட், ஞாயிறு

இருபத்தாறு வருடமாக அம்பத்தூர் எஸ்டேட்டில் தரப் பரிசோதனை செய்கிறேன். துளைக்குள் கேஜ் என்கிற அளவுக் கம்பியை விட்டுப் பார்ப்பேன். ஒரு முனை போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. இரண்டும் ஒத்துவந்தால் பாஸ். இல்லையென்றால் சிவப்பு டப்பா. அப்படிப்பட்டவள் இதை எப்படி நம்புவது? மாதவிடாய் நிற்கிற வயது. தூக்க மாத்திரை வேறு. அதனால் இருக்குமோ என்று பத்து நாள் மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன். தூக்கம்தான் போனது. அது போகவில்லை.

சாமி என்று எழுதக் கை வரவில்லை. சாமி என்றால் எனக்கு ஞாபகம் வருவது ஆஸ்பத்திரி வாசல் பிள்ளையார். நாலு நாள் அந்தப் படியில் உட்கார்ந்து கெஞ்சினேன். ஐந்தாம் நாள் எழுந்து வந்துவிட்டேன். வீட்டு பூஜை அலமாரியில் இப்போது புளியும் மிளகாயும் இருக்கின்றன. அதனால் இதை 'அது' என்றே எழுதுகிறேன். 'அது' சமாதானம் சொல்வதில்லை. கௌதம் ஏன் போனான் என்று விளக்குவதில்லை. சும்மா இருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு இரண்டு வருடத்தில் யாரும் சும்மா பக்கத்தில் இருக்கவில்லை. எல்லோரும் ஏதாவது சொன்னார்கள்.

14 செப்டம்பர், சனி

இரண்டு வருடம்.

என் வீட்டுக்காரர் வழக்கம் போல பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். ரவிச்சந்திரன் என்கிற இந்த மனிதர் மகன் போன நாளிலிருந்து ஒரு சொட்டு அழவில்லை. அவன் பெயரைச் சொன்னதில்லை. 'அவன் சட்டை', 'அந்த வண்டி' என்றுகூடச் சொல்வதில்லை. நான் கௌதம் என்றால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். இன்று வேண்டுமென்றே மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் எழுந்து போனார். நாலாவது முறை எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஏரிக்கரைக்கு மாலையிலும் போனேன். ஆகாயத்தாமரை பூத்திருக்கிறது, ஏரி முழுக்க ஊதா நிறம். நாற்றத்தையே தின்று இப்படி ஒரு பூ. நன்றாக அழுதேன். முத்தம்மாள் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். பார்த்தாள். கிட்டே வரவில்லை. போகும்போது, "உனுக்கு அந்த மரத்தாண்ட இன்னாவோ கீது மேடம். யார்கிட்டயும் சொல்லிகினு இருக்காத" என்றாள்.

6 அக்டோபர், ஞாயிறு

நாக்கை இழுத்து வைத்து அறுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ரோஷினி வீட்டு கொலுவுக்குப் போயிருக்கவே கூடாது. அசோசியேஷன் செயலாளர் சரவணக்குமாரின் மனைவி, இரண்டு முறை நேரில் வந்து கூப்பிட்டாளே என்று போனேன். பதினைந்து பெண்கள். கையில் சுண்டல். ரோஷினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஆன்ட்டி, நீங்க கோயிலுக்கே போறதில்லையாமே. அப்படி இருக்கக் கூடாது ஆன்ட்டி. நாம விட்டுட்டா அவர் இன்னும் சோதிப்பார்" என்றாள்.

இன்னும் சோதிப்பாராம். இன்னும் என்ன மிச்சம் இருக்கு எடுத்துக்க?

இப்படிக் கேட்டுவிட்டு எழுந்து வந்திருக்கலாம். நான் வந்தேனா? இல்லை. "உங்க கோயில்ல எல்லாம் இல்லாத சாமி அந்த ஏரிக்கரை சீமைக்கருவேல மரத்தடியில இருக்கு. தினமும் காலைல ஆறு மணிக்கு என்கூட இருக்கு. வேணும்னா வந்து பாரு" என்று கத்திவிட்டேன். சத்தம் எனக்கே கேட்டது. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஏன் சொன்னேன்? அவளை ஜெயிக்க. அதை எடுத்து அவள் முகத்தில் எறிந்திருக்கிறேன்.

7 அக்டோபர், திங்கள்

காலை ஆறு மணிக்கு மரத்தடியில் ஏழு பேர். ஒருத்தர் செருப்பைக் கழற்றிவிட்டு, எருமைச் சாணத்தில் கால் வைத்துவிட்டு, அதற்கும் கும்பிட்டார். எனக்கு வழிவிட்டு நின்றார்கள். நான் தூக்கை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வாட்ஸப்பில் சரவணக்குமார்: 'பி பிளாக் மேடம் ஒருவருக்கு ஏரிக்கரையில் இறைக்காட்சி.' கீழே நாற்பது கைகூப்பு.

20 அக்டோபர், ஞாயிறு

மரத்துக்கு மஞ்சள் துணி கட்டியாகிவிட்டது. அடியில் குங்குமம். வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாமல் குப்பையில் போடவும் பயந்து வைத்திருந்த கண்ணாடி உடைந்த சாமி படங்கள், மூக்கு போன பொம்மைகள், பழைய காலண்டர் லட்சுமி எல்லாம் ஒவ்வொன்றாக அங்கே வந்து சேர்கின்றன. முதியோர் இல்லத்தில் கொண்டுவந்து விடுகிற மாதிரி விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள்.

முத்தம்மாள் எருமைகளைப் பத்தடி தள்ளிக் கட்டியிருக்கிறாள். என் முகத்தைப் பார்க்காமல் பால் ஊற்றினாள்.

"சொல்லிட்டியா?"

"கோவத்துல..."

"கோவத்துல உன் ஊட்டு விசயத்த சொல்லு. இத்த போயி சொல்லுவியா?"

நியாயம்தான்.

27 அக்டோபர், ஞாயிறு

சரவணக்குமார் வீட்டுக்கே வந்தார். கோயம்புத்தூர்க்காரர், பேச்சில் சர்க்கரை. ஐடியில் பெரிய வேலை. கையில் ஒரு நோட்டு. "மேடம், உங்களுக்கு எந்த சாமிங்க தெரிஞ்சுது? அதை வெச்சுத்தாங்க பிரதிஷ்டை பண்ணணும்."

"கொக்கு" என்றேன்.

"பறவை வடிவத்துலங்களா?" என்று எழுதிக்கொண்டார். கிண்டல்கூட ஏறாத மனிதரை என்ன செய்வது? பிறகு அவரே, பிள்ளையார் என்றால் யாருக்கும் ஆட்சேபணை இருக்காது என்று முடிவு செய்தார். ஏரிக்கரை வரசித்தி விநாயகர். சீமைக்கருவேல மரத்தடியில் பிள்ளையார் உட்கார்ந்தால் நன்றாக இருக்காதாம். மரத்தை எடுத்துவிட்டு அரசும் வேம்பும் வைப்பார்களாம். ஆகாயத்தாமரையை அள்ளிவிடுவார்களாம். எருமை நாற்றம் இனி இருக்காதாம். ஆக, நான் எதைப் பார்த்தேனோ அதில் ஒன்றுகூட மிச்சம் இருக்காது. அதற்குப் பெயர் எனக்குச் செய்கிற மரியாதை.

"வேண்டாம்" என்றேன். "கோயில் வேண்டாம். அந்த இடத்தை அப்படியே விட்டுடுங்க."

அவர் சிரித்தார். "தன்னடக்கம்ங்க மேடம் உங்களுக்கு."

என் வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே இறக்கி, "நானும் கமிட்டியில இருக்கேன்" என்றார். இரண்டு வருடத்தில் அவர் தானாகச் சேர்ந்துகொண்ட முதல் காரியம்.

17 நவம்பர், ஞாயிறு

ஜேசிபி வந்தது. மரம் போக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆகாயத்தாமரையை வழித்துக் கரையில் குவித்தார்கள், பூவோடு. தண்ணீர் ஓரத்தில் லாரி லாரியாகக் கட்டிட இடிபாட்டைக் கொட்டி நிரவினார்கள். பால்கனியில் நின்று முழுக்கப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க எனக்கு உரிமை இல்லை.

என் வீட்டுக்காரர் கீழே தொப்பி போட்டுக்கொண்டு மேற்பார்வை.

1 டிசம்பர், ஞாயிறு

புயல் மழை. கார் நிறுத்துகிற இடத்தில் முழங்கால் தண்ணீர். இதுவரை வந்ததில்லை. ஏரியின் ஓரத்தைத் தூர்த்தால் தண்ணீர் எங்கே போகும்? நம் வீட்டுக்குத்தான் வரும். 'கோயில் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று சரவணக்குமார் குரூப்பில் போட்டிருக்கிறார்.

5 ஜனவரி 2025, ஞாயிறு

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர், தட்டைப் பார்த்தபடி, "கௌதம் பேர்ல ஒரு டியூப்லைட் உபயம் குடுக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

கௌதம். அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து. இந்தப் பெயருக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன், எத்தனை சண்டை போட்டேன். கடைசியில் ஒரு டியூப்லைட்டுக்காக வந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு தட்டைத் தள்ளி வைத்தேன். "குடுங்க" என்றேன்.

2 பிப்ரவரி, ஞாயிறு

கும்பாபிஷேகம். ஒலிபெருக்கி காலை நாலரைக்கே ஆரம்பித்துவிட்டது. கிரானைட் தரை, எவர்சில்வர் கம்பி, பூட்டுப் போடுகிற கிரில் கதவு. சாமிக்குப் பூட்டு. எனக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டு, சால்வை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டேன். எழுந்து போக எனக்குத் துப்பில்லை. அவர் பக்கத்தில் வேட்டி சட்டையில் நின்றார், சந்தோஷமாக. அந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாள் ஆகிறது.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு முயற்சி செய்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, பழையபடி மனதுக்குள் திட்டிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. திட்டுவதற்குக்கூட ஆள் வேண்டியிருக்கிறது.

எருமைகளை அந்தப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று போர்டு வைத்துவிட்டார்கள்.

9 பிப்ரவரி, ஞாயிறு

முத்தம்மாள் முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். லிஃப்டில் வாட்ச்மேன் விடவில்லையாம், நாலு மாடி ஏறி வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன், நின்றபடியே பேசினாள்.

"கரையில புல்லு இல்ல. மண்ணு கொட்டிட்டானுங்க. கள்ளிக்குப்பம் வரிக்கும் போயி அறுத்துகினு வரேன். கால் பூட்ச்சி. ஏரி கெவுர்மெண்ட்டு எடம்தான? கோயிலு கட்டலாமா? நீ ஒரு மனு எழுதிக் குடு மேடம். என் கைநாட்டப் பாத்தா ஒருத்தனும் மதிக்க மாட்டான். சாமியப் பாத்தவளே வாணான்னு சொன்னா அவனுங்க கேட்டுதான ஆவணும்?"

எழுதித் தருகிறேன் என்றேன். கூட வருகிறேன் என்றும் சொன்னேன். மனதார. திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸில் மனு நாள். அடுத்த திங்கள் எட்டு மணிக்கு ஸ்டேஷனில் சந்திப்பதாகப் பேச்சு.

அவர் வெளியே போயிருந்தார். நல்லவேளை.

15 பிப்ரவரி, சனி

மனு எழுதி முடித்தேன். இரண்டு பக்கம். எந்த வருடம் தண்ணீர் எதுவரை நின்றது, எத்தனை அடி தூர்த்தார்கள், எல்லாம் அளவோடு. பரிசோதனை ரிப்போர்ட் எழுதிப் பழகிய கை. 'என் பெயரைச் சொல்லிக் கட்டப்பட்டது. எனக்கு அதில் சம்மதம் இல்லை' என்று கடைசி வரி. கையெழுத்துப் போட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாக மூச்சு விட்டேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

மனுவில் சேர்க்க போட்டோ எடுக்கலாம் என்று மதியம் மூன்று மணிக்குப் போனேன். அந்த நேரத்துக்கு யாரும் இருக்க மாட்டார்கள். நடை சாத்தியிருந்தது. பின்பக்கத்திலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது.

அவர். தரையில் உட்கார்ந்திருந்தார். மேலே டியூப்லைட், பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. 'உபயம்: ர. கௌதம் நினைவாக' என்று சிவப்பு எழுத்து. அதை அண்ணாந்து பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"வண்டிய வித்துடலாம்னு அம்மா சொல்றாடா. நான்தான் வேண்டாம்னுட்டேன். நீ திட்டுவ... பேட்டரி போயிருக்கும். மாத்தணும்... நான் அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கணும்டா. சாதாரணக் காய்ச்சல்னு சொன்னது நான்தான. நான்தானடா சொன்னேன்."

பிறகு அழுதார். தோள் குலுங்க, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அவர் சொன்னது எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக அதற்காக அவரை மனதுக்குள் தண்டித்துக்கொண்டே இருந்தவள் நான். சாமியை மட்டுமா திட்டினேன்?

போட்டோ எடுக்கவில்லை.

17 பிப்ரவரி, திங்கள்

போகவில்லை.

ஏழரைக்கு போனை அணைத்தேன். மனு கைப்பையிலேயே இருக்கிறது. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து ஸ்டேஷன் பக்கம் திரும்பாமல் குனிந்துகொண்டேன். எட்டு மணிக்கு அவள் அங்கே நின்றிருப்பாள். நல்ல புடவை கட்டியிருப்பாள்.

அவருக்கு ஒரு இடம் கிடைத்திருக்கு. நான் எப்படி இடிப்பேன்? என் இடம் போச்சு, சரி, அது என் வாயால போச்சு. ஆனா முத்தம்மா என்னடி பண்ணா? அவ புல்லு போனதும் உன் வாயாலதானே? இதுக்கு என்ன பதில் வெச்சிருக்க?



8 மார்ச், சனி

தண்டுரை பக்கம் காய்கறி வாங்கப் போனபோது முத்தம்மாள் எதிரில் வந்துவிட்டாள். தப்பிக்க வழி இல்லை. எருமைகளை விற்றுவிட்டாளாம், நாலையும். பூந்தமல்லி பக்கத்து ஆள் வண்டி கொண்டுவந்து ஏற்றிப் போனானாம்.

"மன்னிச்சுக்கோ முத்தம்மா" என்றேன்.

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ரெண்டு பேருக்கும் டிக்கெட்டு எட்த்து வெச்சிருந்தேன் மேடம்" என்றாள். "பத்தர வரிக்கும் நின்னேன்."

கத்திரிக்காய் பொறுக்க ஆரம்பித்தாள்.

14 ஏப்ரல், திங்கள்

புத்தாண்டு. கோயிலில் சிறப்பு பூஜை, கூட்டம். பச்சை மேலங்கி போட்டுக்கொண்டு ஒருத்தி கிரானைட் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அசோசியேஷன் வேலைக்கு வைத்திருக்கிறார்களாம். முத்தம்மாள்.

வீட்டுக்கு வந்து வடை சுட்டேன். சுட்டதை யாரும் சாப்பிடவில்லை.

11 மே, ஞாயிறு

அவர் தினமும் மாலை போகிறார். வந்த பிறகு கௌதம் பற்றிப் பேசுகிறார். பத்தாம் வகுப்பில் அவன் மார்க் ஷீட்டில் அவர் கையெழுத்தைப் போலியாகப் போட்டது, திண்டுக்கல் பஸ்ஸில் வாந்தி எடுத்தது. நானும் சொல்கிறேன். இரண்டு பேரும் சிரித்தோம் ஒரு நாள். இதற்குத்தான் முத்தம்மாளின் எருமைகள் போயின என்று சிரிக்கும்போதே தோன்றியது. அந்த நினைப்பு இனி போகாது. போகவும் கூடாது.

22 ஜூன், ஞாயிறு

ஒரு மாதமாகக் காலையில் வேறு இடத்துக்குப் போகிறேன். தேடிப் போகவில்லை. வழி தவறி ஒரு நாள் போனதுதான். அழகான இடம் இல்லை. நாற்றமும் உண்டு. முதல் மூன்று வாரம் ஒன்றும் இல்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன். இந்த முறை திட்டவில்லை. நான் செய்ததைச் சொன்னேன். ஸ்டேஷன், டிக்கெட், பத்தரை மணி, எல்லாவற்றையும்.

இன்று காலை அது இருந்தது.

மன்னித்ததா? தெரியாது. எப்போது பேசியிருக்கிறது அது? பக்கத்தில் இருந்தது. நான் சொல்லி முடிக்கும் வரை இருந்தது.

எந்த இடம், அங்கே என்ன நின்றது, என்ன பறந்தது என்று இந்த நோட்டிலும் எழுதப்போவதில்லை.

திரும்பி வரும்போது லிஃப்டில் ரோஷினி. "எங்க ஆன்ட்டி, காலங்காத்தால?" என்றாள். "வாக்கிங்" என்றேன்.

அவர் கதவைத் திறந்தார். "எங்க போயிட்டு வர்ற?"

"பால் வாங்க."

வாய் பழக்கத்தில் வந்துவிட்டது. முத்தம்மாளிடம் பால் நின்று நாலு மாதம் ஆகிறது. கதவுக் கைப்பிடியில் மாட்டியிருந்த பையில் பாக்கெட் பால் இரண்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. அவர் அதைப் பார்த்தார். என் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார். கமிட்டிக்காரர் ஒரு கேள்வி கேட்டால் போதும், நான் மாட்டிக்கொள்வேன்.

"சரி" என்றார். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பால் காய்ச்சினார்.